அரிசிப் பொதியும் சேவைக்காலப் பணமும்



கடந்த மாதம் எங்கள் தோட்டக் கமிட்டி கூடியபோது சந்தா விபரம், பிள்ளை மடுவத்துக் கூரை, பெரட்டு நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு மூத்த தோழர் எழுந்து நின்றார்.

"நம்ம ஆளுங்க வேதக் கோயில் வாசல்ல பொதிக்காக வரிசையில நிக்கிறாங்க. பங்களாவுல பார்த்துச் சிரிக்கிறாங்க. சங்கத்துல இருக்கிறவன் கை நீட்டலாமா? இனி யாரும் போகக் கூடாதுன்னு கமிட்டி முடிவெடுக்கணும்" என்றார்.

கூட்டத்தில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. வாக்குவாதம் முற்றி, முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அன்று நேரம் போதாமல் நான் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவள் அல்ல. எங்கள் வீட்டுக் கும்பிடு மாரியம்மனுக்குத்தான். ஆகவே கோயிலுக்கு வக்காலத்து வாங்க வந்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

முதலில் அந்தக் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கு டிவிஷன்களிலும் சேர்த்து அதன் பங்கில் நாற்பது குடும்பம் இருக்கும். சுவாமியார் அங்கே தங்குவதில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டுமே பூசை. தகரக் கூரை, ஒரு மணி, ஒரு மாதா சொரூபம், அவ்வளவுதான் சொத்து. அந்தக் குடும்பங்களின் பெண்கள் சோறாக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போடுகிறார்கள். பிடியரிசி என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்தே நாம் அறிந்த வழக்கம்தான். தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை ஒருநேரச் சாப்பாட்டை விட்டு அந்தக் காசையும் சேர்க்கிறார்கள். மாத முடிவில் எல்லா டப்பாவும் கோயிலுக்கு வருகிறது. மூன்று பெண்கள் ஒரு கொப்பியும் பேனாவுமாக லயம் லயமாகப் போய், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் மரணம், யார் கிளினிக்குக்குப் போகப் பஸ் காசில்லாமல் இருக்கிறார் என்று விசாரித்து எழுதுகிறார்கள். அந்த மூவரும் கொழுந்தெடுப்பவர்கள். நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள்.

அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை இந்து வீடுகள். இரண்டு முஸ்லிம் வீடுகளும் ஒரு சிங்களக் குடும்பமும் இருந்தன. என்ன சமயம் என்பதற்கு அந்தக் கொப்பியில் பத்தியே இல்லை.

ஆகவே தோழர் சொன்ன "கை நீட்டுதல்" என்ற சொல்லை முதலில் சரி பார்ப்போம். கொடுப்பது யார்? நாட் சம்பளம் வாங்கும் தொழிலாளிதான் கொடுக்கிறாள். வாங்குவதும் தொழிலாளி. நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் எல்லா வீட்டிலும் காசு சேர்த்துப் பெட்டி எடுக்கிறோம், பந்தல் போடுகிறோம், மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சோறு போகிறது. அதை யாரும் பிச்சை என்பதில்லை. பிடியரிசியும் அதே இனம்தான். தொழிற்சங்கம் என்ற ஒன்று மலைக்கு வரும் முன்பே நம் சனத்திடம் இருந்த சங்கம் அது.

மூத்த தோழர்களின் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தோட்டத்துக்குள் வேதம் வந்த கதையில் துரைமாரின் கை இருந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், பெயரிலேயே நம்மைக் கூலி என்று எழுதிவைத்து, தோட்டத் துரைமாரின் ஆதரவோடு நடந்தது. உபதேசியார் லயத்துக்குள் தாராளமாக வரலாம், சங்கக்காரன் வந்தால் அத்துமீறிப் பிரவேசித்த வழக்கு. அந்த வேறுபாட்டை அனுபவித்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். கோயில் வாசலில் வரிசையைப் பார்த்தால் நெஞ்சு சுடுவது இயல்பு.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய 1973, 74 காலத்தில், பொதி கொடுப்பதோடு நிற்காமல், நம் சனத்தின் சம்பளம், குடியுரிமை, வாழ்க்கை நிலை ஆகியவற்றை நாட்டுக்கும் உலகத்துக்கும் எடுத்துச் சொன்னவர்களில் அவர் ஒருவர். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் உருவானதிலும் அவர் பங்கு பெரிது. 2017இல் காலமாகும் வரை அவர் இந்த மக்களை விட்டு விலகவில்லை. ஆகவே வேதக் கோயில் என்றால் துரை பக்கம் என்று ஒரே கோட்டில் கணக்கு முடிக்க முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கொப்பியின் ஏழாவது வரியில் மேட்டு லயத்து அம்மாயியின் பெயர் இருந்தது. கம்பனிகள் தோட்டங்களைப் பொறுப்பேற்ற 1992இல் பேர் பதிந்தவர். 2023இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முழுதாக 31 வருடம். அவருக்கு மாதம் ஒரு பொதி போகிறது: அரிசி ஐந்து கிலோ, மா ஒரு கிலோ, பருப்பு, சீனி, ஒரு பக்கெட் தேயிலை. 31 வருடம் கொழுந்து பறித்தவருக்குத் தேயிலையைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"ஏன் அம்மாயிக்குப் பொதி?" என்று அந்தப் பெண்களைக் கேட்டேன். "சேவைக்காலப் பணம் இன்னும் வரல டீச்சர். ஈ.பி.எஃப்.பும் நிக்குது. அடையாள அட்டையில ஒரு பேரு, செக்ரோலுல ஒரு பேராம்" என்றார்கள்.

எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாயி 31 வருடமும் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். அவர் சம்பளத்தில் மாதா மாதம் வெட்டிய காசு நம் கணக்குக்கு வந்தது. ஓய்வு பெற்ற மாதத்திலிருந்து சந்தா நின்றது, அத்தோடு நாமும் அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டோம். நமக்குத் தெரியாத சங்கதி ஒரு பிடி அரிசியோடு போன மூன்று பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பவள் என்பதால் இருந்து கணக்குப் போட்டேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சேவைக்காலப் பணச் சட்டப்படி, நாட் சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசி நாட் சம்பளத்தை 1,000 ரூபா என்று வைத்தால், 31 வருடத்துக்கு 4 லட்சத்து 34 ஆயிரம் ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம் சேரும். ஒரு வருடம் தாண்டினால் அது 30 வீதம். எல்லாம் சேர்த்தால் 5 லட்சத்து 64 ஆயிரத்து 200 ரூபா. கோயில் பொதியின் விலை 2,500 ரூபா என்று எடுத்தால், 225 பொதி. மாதம் ஒன்றாக வாங்கினால் 18 வருடத்துக்கும் மேல் போகும். இதில் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். காசைச் சேர்க்கவில்லை.

தோழர்களே, வெட்கப்பட வேண்டியது அம்மாயியா? பொதி வாங்கியதில் வெட்கமில்லை. சட்டப்படி சேர வேண்டிய காசைப் பிடித்து வைத்திருக்கும் நிர்வாகம் வெட்கப்பட வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்ட நாமும்தான். "போகாதே" என்று ஒரு முடிவெடுத்தால் நம் மானம் காப்பாற்றப்படலாம், அம்மாயியின் அடுப்பு எரியாது.

"சோறு கிடைத்தால் போராட மாட்டான்" என்று சில தோழர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த வேலைநிறுத்தத்திலும் முதலில் பெரட்டுக் களத்துக்குத் திரும்புவது யார்? வீட்டில் மா முடிந்தவன்தான். மூன்று நாளுக்கு அரிசி இருக்கும் வீடு மூன்று நாள் கூடத் தாங்கும். பசி போராட்டத்தை வளர்க்கும் என்பது பசியைக் காணாதவரின் பேச்சு.

அதேவேளை கோயில்காரரிடமும் எனக்குச் சொல்ல இருக்கிறது. பிடியரிசி ஒன்று, வெளியிலிருந்து லொறியில் வரும் தானம் இன்னொன்று. இந்த வருடம் ஜனவரியில் கொழும்பிலிருந்து கொடையாளிகள் வந்து, கோயில் மூலமாக எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தார்கள். நல்ல பைதான். ஆனால் முதுகுப் பக்கம் முழுவதும் கொடுத்தவர் பெயர். பேனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமும் எடுத்தார்கள். தரம் ஆறில் படிக்கும் ஒரு பிள்ளை மறுநாளே அந்த எழுத்தின் மேல் பழைய துணித் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை இரண்டாம் முறையும் வரிசையில் நிறுத்தியது போல ஆகியிருக்கும்.

பிடியரிசி கொடுக்கும் பெண்கள் யாரையும் படம் எடுப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகே பொதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வாசலில் வரிசை வந்ததும் இந்த லொறித் தானம் வரத் தொடங்கிய பிறகுதான். தானம் செய்வது எப்படி என்பதைக் கொழும்புக் கொடையாளிகள் இந்த மூவரிடம் படிக்க வேண்டும்.

இன்னொன்று. கோயில் கொப்பியில் என்ன இல்லை என்று எழுதுகிறார்கள், ஏன் இல்லை என்று எழுதுவதில்லை. இதைக் கேட்பது அவர்கள் வேதத்துக்கு விரோதமல்ல. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய சுற்றுமடல், தொழிலாளி குடும்பம் நடத்தப் போதுமான கூலியையும், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் பற்றிப் பேசுகிறது. 2025இல் தெரிவான இன்றைய பாப்பரசர் அவரை நினைவில் வைத்தே அதே பெயரைச் சூடிக்கொண்டார். வயலில் வேலை செய்தவனின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கடவுளிடம் முறையிடும் என்ற கருத்தில் யாக்கோபு எழுதிய நிருபம் அவர்கள் கையில் உள்ள புத்தகத்திலேயே இருக்கிறது. வருகிற தவக்காலத்தில் அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைக்கும்படி சுவாமியாரிடம் கேட்டிருக்கிறேன். சிரித்துவிட்டு, "வைக்கிறேன் டீச்சர், நிர்வாகத்திலிருந்தும் பூசைக்கு வருவார்கள், பரவாயில்லை" என்றார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் "போகக் கூடாது" என்ற பிரேரணைக்குப் பதிலாக நான் வைக்கப்போவது இவைதான்.

ஒன்று: மாதம் ஒருமுறை நம் முறைப்பாட்டுப் புத்தகத்தையும் கோயில் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மாரியம்மன் கோயில் கமிட்டியையும் மரண உதவிச் சங்கத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: பொதி போகும் ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். சேவைக்காலப் பணம் வந்ததா? ஈ.பி.எஃப். வந்ததா? அடையாள அட்டையிலும் செக்ரோலிலும் பெயர் ஒன்றா? அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்தாயிற்றா? இல்லை என்ற பதில் ஒவ்வொன்றும் சங்கத்தின் வேலை.

மூன்று: ஓய்வு பெற்றவர்களை உறுப்பினர் பதிவிலிருந்து வெட்டக் கூடாது. சந்தா இல்லாமலே அவர்களின் வழக்கை நாம் பார்க்க வேண்டும். முப்பது வருடம் கட்டியது போதும்.

நான்கு: எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொருளில் கொடுத்தவர் பெயர் இருக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று சங்கமும் கோயிலும் சேர்ந்து கொடையாளிகளிடம் சொல்ல வேண்டும்.

அம்மாயியின் விடயத்தில் தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுத்தாயிற்று. பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசியும் முடித்தாயிற்று. முதல் விசாரணைக்கு நிர்வாகத்தின் சார்பில் யாரும் வரவில்லை. இரண்டாவது விசாரணைக்கு அம்மாயியோடு போனது நானும் அந்தக் கோயில் பெண்களில் ஒருவரும்தான். அந்தப் பெண் அன்றைய பேரை இழந்து வந்தார். நம் தோட்டத் தலைவர்கள் யாரும் வரவில்லை.

பொழுது போன பிறகு அம்மாயியை வீட்டில் விடப் போனேன். அடுப்பங்கரைத் தட்டில் ஒரு பழைய பால்மா டப்பா இருந்தது. அவரும் மாரியம்மன் கும்பிடுகிறவர்தான். ஆனாலும் வருகிற பொதியிலிருந்தே ஒரு பிடியை எடுத்து அந்த டப்பாவில் போட்டு வைக்கிறார். "என்னையவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்களே" என்றார்.

மூன்றாவது விசாரணைத் திகதி கமிட்டி அறையில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கை தூக்கிய தோழர்களும் தூக்காத தோழர்களும் அன்று தொழில் அலுவலகத்துக்கு வாருங்கள். அந்த வாசலில் நாம் வரிசையில் நிற்போம்.