ஆத்தும தாகம் வற்றிவிட்டது என்று சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் படித்தவர்களில் பாதிக்கு மேல் வேறு நம்பிக்கையில் உள்ளவர்கள். இது வேதாகமத்தை ஒட்டிய எழுத்துதான் என்றாலும் பசியும் தாகமும் எல்லாருக்கும் பொது என்பதால் நீங்களும் படிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்!

"ஆத்தும தாகம்" என்ற சொல் நம் சபைகளில் அடிக்கடி புழங்குகிறது. கன்வென்ஷன் பந்தலில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கண்ணீர் வந்தால் அவருக்குத் தாகம் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தாகம் இல்லை. இப்படி ஓர் அளவுகோல் நமக்குள்ளே எப்படியோ வந்துவிட்டது. அது தவறான அளவுகோல் என்பது என் கருத்து. தவறு என்பதோடு போகவில்லை, ஆட்களை உடைத்துப் போடவும் செய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவில் பாடியவள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. இப்போது நாலு வருடமாக மாமியார் படுக்கையில். நினைவும் தப்பிவிட்டது. காலை நாலரைக்கு எழுந்து, துணி மாற்றி, துடைத்து, கஞ்சி ஊட்டி, மகனைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய் வருகிறாள். போன மாதம் போனில், "பெரியம்மா, எனக்கு ஜெபிக்கவே வரல. வேதத்தைத் திறந்தா எழுத்து எழுத்தா தெரியுது, ஒண்ணும் உள்ள போகல. தாகமே வத்திப் போச்சு" என்றாள். அவள் போய்க்கொண்டிருந்த ஜெபக்குழு ஒன்றில் இதைச் சொல்லியிருக்கிறாள். மறைவான பாவம் ஏதோ இருக்கும், 21 நாள் உபவாசம் இருந்து அறிக்கை செய் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து திருவிருந்து எடுக்கப் போவதில்லை. தகுதி இல்லையாம்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தது எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய கொஞ்ச காலத்துக்குள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் பெரும்பாலும் என் கையில். பசியைப் பற்றி நான் படித்ததை விடப் பார்த்தது அதிகம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளை, "டீச்சர், பசிக்குது" என்று சொல்லவே சொல்லாது. சிடுசிடுவென்று இருக்கும். பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். தலையைப் பலகையில் சாய்க்கும். பதினொன்றரைக்குப் பருப்பு தாளிக்கும் வாசம் வந்ததும் அதன் முகம் தானாகச் சத்துணவுக் கூடத்துப் பக்கம் திரும்பும். மணி அடித்ததும் தட்டோடு முதல் ஆளாய் நிற்கும். "எனக்கு ரொம்பப் பசி" என்று சத்தம் போடுகிற பிள்ளை பெரும்பாலும் இடைவேளையில் தேன்மிட்டாயும் முறுக்கும் வாங்கித் தின்றதாக இருக்கும். அது நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கொட்டிவிடும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மஞ்சள் காமாலை வந்து தேறுகிற பிள்ளைக்குப் பசி எடுக்காது. சோற்றைக் கண்டாலே குமட்டும். அதற்காக எந்த அம்மாவாவது "பசியில்லை என்கிறாயே, நீ என் பிள்ளைதானா?" என்று கேட்பாளா? கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்க மாட்டாள். நாலு நாள் உள்ளே போன பிறகுதான் பசியே திரும்பி வரும். நாள்கணக்கில் பட்டினி கிடந்தவனுக்கும் பசி மரத்துப் போகும் என்பார்கள். ஆகையால் பசி தெரியவில்லை என்பதை வைத்து அவனுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று தீர்மானித்துவிடக் கூடாது. உடம்புக்கு இந்த நியாயத்தைக் கொடுக்கிற நாம் ஆத்துமாவுக்கு ஏன் கொடுப்பதில்லை?

சரி, வேதத்துக்கு வருகிறேன். தாகம் என்றதும் எல்லாருக்கும் 42ஆம் சங்கீதத்து மான்தான் நினைவுக்கு வரும். எத்தனை வீட்டுக் காலண்டரில் அந்த மான்! பச்சைப் புல், தெளிந்த ஓடை, குனிந்து தண்ணீர் குடிக்கும் அழகான மான். ஆனால் சங்கீதத்தில் மான் தண்ணீர் குடிக்கவில்லை. கதறுகிறது. அந்த எபிரெய வினைச்சொல் இந்தச் சங்கீதத்தை விட்டால் வேதாகமத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. யோவேல் முதல் அதிகாரத்தின் கடைசி வசனம். அங்கே ஓடைகள் வற்றிப்போய், தீ மேய்ச்சலைத் தின்றுவிட்டு, காட்டு மிருகங்கள் கதறுகின்றன. காலண்டர் படத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். "ஆத்துமா" என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் உள்ள 'நெஃபெஷ்' என்ற சொல்லுக்குத் தொண்டை என்றும் பொருள் உண்டு. எங்கோ உள்ளே மறைந்திருக்கும் ஏதோ ஒன்று மட்டும் அல்ல, வறண்ட தொண்டையும் அதற்குள் இருக்கிறது.

அந்தப் பாட்டுக்காரன் யார்? தலைப்பில் கோராகின் புத்திரர் என்று இருக்கிறது. ஆலயத்தில் வாசல் காத்தவர்கள், பாடினவர்கள் அந்த வம்சத்தார். நாலாம் வசனத்தில், பண்டிகைக் கூட்டத்தோடு ஆலயத்துக்கு நடந்து போன நாட்களை நினைத்து அவன் உருகுகிறான். அதாவது பாடகர் குழுவில் இருந்தவன், இப்போது அங்கே போக முடியாத தூரத்தில் கிடக்கிறான். எங்கே கிடக்கிறான் என்பதையும் ஆறாம் வசனம் சொல்கிறது. யோர்தான் தேசம், எர்மோன் மலைப்பக்கம்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். எர்மோன் 2,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை. பனி உருகி அதன் அடிவாரத்தில் ஊற்றுகளாகப் பீறிட்டு வருகிறது. யோர்தான் பிறப்பதே அங்கேதான். நம் குற்றால மலையடிவாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வசனத்திலேயே மதகுகளின் இரைச்சலும் அலைகளும் வருகின்றன. தண்ணீருக்குக் குறைவே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் தொண்டை வறண்டு கதறுகிறான்! தண்ணீர் இருந்தும் அது அவனுக்கு ஆறுதலாக இல்லை, தன்மேல் புரண்டு போகிற வெள்ளமாகத்தான் இருக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் பிரசங்கம், பாட்டு, வாக்குத்தத்த வசனம், காலை மன்னா, மாலை மன்னா என்று கொட்டுகிற இந்தக் காலத்தில், "எனக்கு மட்டும் உள்ளே ஒன்றும் போகலையே" என்கிறவளுக்கு இதைவிட நெருங்கின சங்கீதம் இருக்கிறதா என்ன?

இன்னும் ஒன்று. 42, 43 இரண்டும் ஒரே பாட்டு என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. பல்லவி போல ஒரு வசனம் மூன்று முறை வருகிறது. தன் ஆத்துமாவைப் பார்த்து, ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறாய் என்று அவன் கேட்கிற கேள்வி. மூன்றாம் தடவையும் அதே கேள்விதான், பாட்டு அதோடு முடிந்துவிடுகிறது. ஆலயத்துக்குத் திரும்பினானா, சந்தோஷம் வந்ததா, சொல்லவில்லை. 88ஆம் சங்கீதம் இதற்கும் ஒரு படி மேலே, இருளிலேயே முடிகிறது. இவற்றை ஜெபப் புத்தகத்திலிருந்து யாரும் கழற்றி எறியவில்லை. "மறைவான பாவம்" என்று யாரும் ஓரத்தில் எழுதி வைக்கவும் இல்லை.

அன்னை தெரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ரோமன் கத்தோலிக்கர், நாம் சி.எஸ்.ஐ. என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். 1948இல் கல்கத்தாச் சேரிக்குள் இறங்கினார்கள். அவர்களுடைய சபையின் சிற்றாலயங்களில் சிலுவைக்குப் பக்கத்தில், ஆண்டவர் சிலுவையில் தம் தாகத்தைச் சொன்ன அந்த வார்த்தை எழுதியிருக்கும். இறந்து 10 வருடம் கழித்து 2007இல் அவர்களுடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. அழித்துவிடும்படி அவர்களே கேட்டிருந்த கடிதங்கள். வேலை தொடங்கின காலம் முதல் ஏறக்குறைய 50 வருடம், நடுவில் சிறிது காலம் தவிர, ஜெபத்தில் ஆண்டவர் இருப்பதாகவே தெரியாத வெறுமையில் இருந்திருக்கிறார்கள். உலகமே அதிர்ச்சி அடைந்தது. சிலர், அப்படியானால் விசுவாசமே இல்லையா என்று கேட்டார்கள்.

நான் அதை அப்படி வாசிக்கவில்லை. அந்த 50 வருடமும் காலையில் எழுந்து ஜெபத்துக்குப் போனார்கள், பிறகு தெருவில் கிடந்தவர்களைத் தூக்கப் போனார்கள். உணர்ச்சி ஒத்துழைக்கவில்லை, கால் நின்றுவிடவில்லை. தண்ணீரை நோக்கி நடக்கிறவனுக்குத் தாகம் இல்லை என்று யார் சொல்வது?

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் நியாயம். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பாக்கியம் என்று சொன்னது எந்தப் பசிதாகத்தை? மத்தேயு 5:6ஐ எடுத்துப் பாருங்கள். நீதியின்மேல் உள்ள பசிதாகம். நாம் அந்தச் சொல்லை மட்டும் லாவகமாகத் தாண்டிவிடுகிறோம். ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய வசனத்துக்கே பஞ்சம் வரும் என்று இருக்கிறது, எழுப்புதல் கூட்டங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது பதினோராம் வசனம். அதற்குக் கொஞ்சம் மேலே ஐந்தாம், ஆறாம் வசனங்களில் என்ன இருக்கிறது? ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கிற வியாபாரிகள். படியைக் குறைக்கிறார்கள், தராசை மாற்றுகிறார்கள், பதரையும் கலந்து விற்கிறார்கள், ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு வாங்குகிறார்கள். ஆராதனையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அவர்களும். வசனப் பஞ்சம் வானத்திலிருந்து சும்மா விழவில்லை, தராசிலிருந்து வந்தது.

ஆகவே கைதூக்கி அழுதுவிட்டு மறுநாள் கூலிக்காரர் சம்பளத்தில் ஐம்பதைப் பிடிக்கிறவர்களும், தங்கச்சிக்குச் சேரவேண்டிய பங்கைக் கொடுக்காமல் பத்து வருடமாக இழுக்கிறவர்களும் தங்கள் கண்ணீரைப் பெரிதாக நம்ப வேண்டாம். (யாரைச் சொல்கிறேன் என்று யாரும் போன் பண்ணிக் கேட்க வேண்டாம்.) மாமியாருக்கு நாலரை மணிக்குத் துணி மாற்றுகிறவளிடம் இவர்கள் தாகத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளிடம் நான் சொன்னது இவ்வளவுதான். உபவாசம் வேண்டாம் பிள்ளை, நீ ஏற்கெனவே பாதிநாள் சாப்பிடாமல்தான் ஓடுகிறாய். பெரிய ஜெபமும் வேண்டாம். 42ஆம் சங்கீதத்தை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டு, கஞ்சி கொதிக்கிற நேரத்தில் சத்தமாக வாசி. உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. திருவிருந்துக்குப் போ. பசித்தவர்களுக்குத்தான் பந்தி. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "போகணும்னுதான் இருக்கு பெரியம்மா, ஆனா ஞாயித்துக்கிழமை அத்தைய யாருகிட்ட விட்டுட்டுப் போக?" என்றாள்.

நாலு வருடமாக அவளுக்கு எத்தனை பேர் பிரசங்க லிங்க் அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆகையால் பாளையங்கோட்டையிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கிற உறவுகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். திருவிருந்து ஆராதனை மாதத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு நான் போய் மாமியாரோடு இருப்பேன். எனக்கு மூட்டுவலி, அவர்களைத் தனியாகப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது, கூட ஓர் ஆள் வேண்டும். மற்ற ஞாயிறுகளுக்கு இரண்டு இரண்டு பேராக வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கஞ்சி அவளே வைத்துவிட்டுப் போவாள், ஊட்டினால் போதும். எந்த ஞாயிறு முடியும் என்று கீழே எழுத வேண்டாம், எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள்.