சாவி ஒருவரிடம், பழி இன்னொருவர் மீது

2021 மே 10 ராத்திரி. திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய ஆக்சிஜன் டேங்கர் தாமதம். குழாயில் அழுத்தம் குறைந்து கொரோனா நோயாளிகள் 11 பேர் இறந்தார்கள் என்று சித்தூர் கலெக்டரே அறிவித்தார். ஆத்திரப்பட்ட உறவினர்கள் ஐசியூவுக்குள் புகுந்தார்கள். டாக்டர்களும் நர்ஸ்களும் பயந்து ஓடினார்கள்.

கேட்கிறேன், டேங்கருக்கு ஆர்டர் போட்டது நர்ஸா?

பேங்கில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் பொறுப்பு. கடனுக்கு யார் கையெழுத்தோ அவர்தான் பதில் சொல்லணும். அதிகாரம் எங்கேயோ பொறுப்பும் அங்கே. ஆஸ்பத்திரியில் மட்டும் தலைகீழ்!

சட்டமும் அப்படித்தான். பழைய 304ஏ-யில் கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 வருடம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் அது 5 வருடம். சிகிச்சையின்போது நேர்ந்தால், பதிவுபெற்ற டாக்டருக்கு மட்டும் அதே 2 வருடம். அந்த விளக்கத்தில் நர்ஸ் வரமாட்டார். ஒரே வார்டு, ஒரே நோயாளி, இரண்டு தராசு. இது என்ன நியாயம்?

தப்பான ஊசி போட்டால் தண்டியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் "அழுத்தம் குறைகிறது, இத்தனை மணிக்கு இன்னாரிடம் சொன்னேன்" என்று நோட்டில் எழுதும் நர்ஸுக்குப் பாதுகாப்பு வேண்டும். மேலே இருப்பவரை எழுப்பிக் கேள்வி கேட்கும் அதிகாரம் நர்ஸிங் சூப்பிரண்டுக்கு வேண்டும். தலைமை என்பது அதுதான், தொப்பியும் பேட்ஜும் இல்லை.

ஊரில் அப்பா அம்மாவை அட்மிட் செய்துவிட்டு இங்கிருந்து போனில் கத்தும் நண்பர்களே, அடுத்த முறை நர்ஸிடம் கத்தாதீர்கள். "இதற்குப் பொறுப்பு யார், அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள்.