சங்கம் யாருடையது?

உரம் வந்துவிட்டதா, பயிர்க்கடன் எப்போது, தள்ளுபடி உண்டா? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தின் வாசலில் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவைதான். ரேஷன் கடையில் சர்க்கரை வந்ததா என்று கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'நம் சங்கத்தின் கணக்கு இந்த ஆண்டு எப்படி?' என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால், மாற்றும் வழியும் தெரியும்.

கந்துவட்டிக்காரரிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த உழவர்களுக்கு என்ன வழி என்று ஆராய, 1892-ல் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895-லும் 1897-லும் இரண்டு தொகுதிகளாக அவர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்ற கிராமத் தலைவர் தொடங்கிய கடன் சங்கங்களே அவரை மிகவும் கவர்ந்தன. ஒரு கிராமம் அளவுக்கு ஒரு சங்கம். ஒருவர் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. அதனால் யாருக்குக் கடன் கொடுக்கலாம், அவர் அதை விதைக்குச் செலவழித்தாரா வீண் செலவு செய்தாரா என்று ஊரே கவனித்தது. சட்டம் போட்டால் மட்டும் போதாது, ரைபைசன் போன்ற ஆட்கள் ஊருக்கு ஊர் கிடைக்க வேண்டும் என்பதே நிக்கல்சன் சொன்னதன் சாரம்.

1904-ல் கூட்டுறவு கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் அருகே திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவானது. நாட்டின் முதல் சங்கங்களில் ஒன்று நம் மண்ணில் பிறந்தது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

ஆனால், அடுத்த 50 ஆண்டுகளில் சங்கம் வளர்ந்த அளவு போதவில்லை. கோர்வாலா தலைமையிலான குழு கிராமக் கடன் நிலையை ஆய்ந்து 1954-ல் அறிக்கை தந்தது. உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். வட்டிக்குக் கொடுப்பவர்களின் பங்கு ஏறத்தாழ 70 சதவீதம். சங்கத்தைத் தூக்கி நிறுத்த அரசே பங்குதாரராகச் சேர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அரசுப் பணம் வந்தது. கடன் பெருகியது. கூடவே அரசின் கையும் உள்ளே வந்தது. நிர்வாகக் குழு இருக்க வேண்டிய இடத்தில் தனி அலுவலர் ஆண்டுக்கணக்கில் இருப்பது நமக்குப் பழகிப்போனது இப்படித்தான்.

அரசு உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் என்பது சிறு விவசாயிக்குச் சாதாரண உதவி அல்ல. 2021-ல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது பல குடும்பங்கள் மூச்சு விட்டன. ஆனால், ஒழுங்காகக் கட்டியவர் ஏமாந்தவர்போல நின்றதையும் பார்த்தோம். தள்ளுபடி செய்த பணத்தை அரசு தந்தால்தான் சங்கம் அடுத்தவருக்குக் கடன் தர முடியும். தள்ளுபடியை மட்டும் நம்பியிருக்கும் சங்கம் தன் காலில் நிற்காது.

தன் காலில் நின்றதற்கும் உதாரணம் உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பாலை வாங்கி மும்பைக்கு அனுப்பிய தனியார் நிறுவனமும் இடைத்தரகர்களும் வைத்ததே விலை. சர்தார் படேலின் ஆலோசனைப்படி 1946-ல் விவசாயிகள் 15 நாள் பால் தர மறுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் அவர்களின் ஒன்றியம் பதிவானது. தொடக்கத்தில் இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால். அதுதான் பின்னாளில் அமுல். அவர்களும் அரசின் உதவியைப் பெற்றார்கள். ஆனால், காலையும் மாலையும் பாலின் கொழுப்பை அளந்து, ஊற்றியவர் கண்ணெதிரே கணக்கு எழுதப்பட்டது. அந்தக் கணக்கே நம்பிக்கையைக் கட்டியது.

நம் சங்கங்களுக்குச் சுயாட்சி வேண்டும் என்று பொருளியல் அறிஞர் வைத்தியநாதன் தலைமையிலான குழு 2005-ல் சொல்லிவிட்டது. கூட்டுறவு சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று 97-வது அரசியல் சட்டத் திருத்தமும் சொல்கிறது. உரிமை காகிதத்தில் இருக்கிறது. அதைக் கையில் எடுக்க வேண்டியவர் நீங்கள்.

முதலில், நீங்கள் வாக்குரிமை உள்ள உறுப்பினரா, இணை உறுப்பினரா என்று பாருங்கள். நகைக்கடனுக்காக இணை உறுப்பினராகச் சேர்ந்த பலருக்கு ஓட்டு இல்லை என்பதே தெரியாது. பங்குத் தொகைக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். துணைவிதிகளின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பேரவைக் கூட்டத்துக்கு நேரில் போங்கள். வீடு தேடி வரும் நோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். தணிக்கை அறிக்கையில் நிலுவை எவ்வளவு, யார் பெயரில் என்று கேளுங்கள். தேர்தல் நடக்கவில்லை என்றால், எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. அடங்கல் தன் பெயரில் இல்லாத குத்தகை விவசாயி இன்றும் சங்கத்தின் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். கந்துவட்டிக்கு மிச்சமிருக்கும் ஆள் அவர்தான். அவருக்கு வழி காணச் சொல்லிப் பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவர உங்களால் முடியும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதை, பூச்சி மருந்து பற்றிப் பேசும் கூட்டத்தில் கால் மணி நேரம் சங்கத்தின் வரவு செலவைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். நிக்கல்சன் தேடிய ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர்களைப் பேச வைத்தால் போதும்.