ஐஸில் வைத்த கறி

எங்கள் அடி அண்ணாமலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் நின்றால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "ஐஸ்ல வச்சது வேணாம்ப்பா, இப்ப வெட்டினதைப் போடு." நாற்பது வருஷமாக நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. காரணம் இருக்கிறது.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய நாள். மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். இரண்டு கிலோ வாங்கினேன். பாதியைச் சமைத்துவிட்டு, மீதியை ஒரே கட்டியாக ஃப்ரீசரில் வைத்தோம். மாலையில் மலையில் மண் சரிந்தது. ஏழு உயிர்கள் போயின. கரண்ட் போய் மறுநாள் இரவுதான் வந்தது. அந்தத் துக்கத்தில் கறியை யார் நினைப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து அதை எடுத்தபோது மருமகள், "மாமா, எனக்கு என்னவோ சரியாப் படலை" என்றாள். "ஃப்ரீசர்லதானேம்மா இருந்தது, கல்லு மாதிரி இருக்கே" என்றேன். பேரன் இரண்டு நாள் டிரிப்ஸில் கிடந்தான். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை?"

கறி கல்லாக இருந்தது உண்மைதான். நடுவில் இளகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருந்தது. குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான். இளகிய நேரத்தில் அது விழித்துப் பெருகும். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு குக்கரில் பத்து விசில் விட்டாலும் போகாது.

ஆக, கெடுதல் குளிரில் இல்லை. குளிர் விட்டுப்போவதில் இருக்கிறது. 1882-இல் டுனெடின் என்ற கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த ஆட்டுக்கறியை மூன்று மாதம் கடலில் சுமந்து கெடாமல் இறக்கியது. நாமோ கடையிலிருந்து வீட்டுக்குள் கெடுக்கிறோம். வெயிலில் கொக்கியில் தொங்குவதை 'ஃப்ரெஷ்' என்கிறோம். 4 டிகிரிக்குள் மூடி வைத்ததைப் 'பழசு' என்கிறோம். வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைக்கும். ஒரு நாள் குளிரில் இருந்தால் கறி மிருதுவாகும் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் இறைச்சியைப் பிடித்தது நினைவிருக்கும். நாய்க்கறி என்று ஊரே பேசியது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து ஆட்டுக்கறி என்றது. ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த கறி எத்தனை டிகிரியில் வந்தது என்று எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சின்னக் கடைக்காரர் குளிர்ப்பெட்டி வாங்க முடியுமா என்பீர்கள். நாம் "ஐஸ் வேண்டாம்" என்று சொல்லும்வரை அவர் எதற்கு வாங்குவார்? முதலில் மாற வேண்டியது நாம்.

வீட்டில் இப்போது எங்கள் வழக்கம் இது. கறியை அரை அரைக் கிலோவாகப் பரப்பி, தட்டையாக உறைய வைக்கிறோம். சீக்கிரம் உறைந்தால் உள்ளே ஐஸ் ஊசிகள் சிறிதாக இருக்கும், சாறு ஒழுகாது. இளக வைப்பது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், சிங்க் மேடையில் அல்ல. கரண்ட் போனால் கதவைத் திறப்பதில்லை. நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஃப்ரீசருக்குள் ஒரு டம்ளர் உறைந்த தண்ணீர், அதன் மேல் ஒரு ரூபாய் நாணயம். நாணயம் அடியில் கிடந்தால் கறி குப்பைக்கு.

என் அம்மா காலத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை. மிஞ்சியதை உப்பு, மஞ்சள் தடவி உப்புக்கண்டம் போட்டார். ஒருநாள் மழை வந்து ஈரம் பட்டால் தயங்காமல் கொட்டிவிடுவார். பெட்டியை நம்பிய நான்தான் மூக்கை நம்பவில்லை. மருமகள் சொன்னதையும் கேட்கவில்லை.

உங்கள் ஃப்ரீசரில் இன்றே அந்த டம்ளரை வையுங்கள். செலவு ஒரு ரூபாய்தான்.