தேவை இல்லாத ஆபரேஷன்: நஷ்டஈடு கிடைக்குமா?

ஊட்டியில் இருந்து கூடலூருக்குப் போகிற மலைப் பாதையில் இருக்கிறது, பைக்காரா.

அணை, ஏரி, அருவி, படகு சவாரி. சுற்றுலா வருகிறவர்களுக்குத் தெரிந்த பைக்காரா இதுதான். 1932-ம் ஆண்டிலேயே இந்த ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தார்கள். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்த பைக்காரா வேறு.

ராத்திரி வயிற்று வலி வந்தால் ஊட்டிக்குப் போக வேண்டும். சுமார் 20 கிலோமீட்டர். பெரிய ஆபரேஷன் என்றால், கோவைக்கு இறங்குகிறவர்களும் உண்டு. போய் வர ஒரு நாள் ஆகிவிடும். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. துணைக்கு வருகிறவரின் கூலியும் போயிற்று.

"கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று ஒரு டாக்டர் சொன்னால், "இன்னொரு டாக்டரையும் கேட்டுப் பார்ப்போமே" என்று மலையில் வாழும் பெண்ணுக்குத் தோன்றுவது கடினம். மறுபடியும் மலை இறங்க வேண்டுமே!

சரி என்று தலையை ஆட்டிவிடுகிறார். ஆபரேஷன் முடிகிறது. ஆறு மாதம் கழித்து வேறு ஒரு டாக்டர், "இதை எடுத்திருக்கவே வேண்டியது இல்லையே! மாத்திரையில் சரியாகி இருக்குமே!" என்கிறார்.

அந்தப் பெண் என்ன செய்வது? போன உறுப்பு திரும்ப வராது. நஷ்டஈடாவது கிடைக்குமா?

சட்டப்படி கேட்கலாம். வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனால், கேட்கிறவருக்கு நம் நாட்டில் வழி எளிதாக இல்லை. இது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

சென்னையில் நடந்தது

நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றைப் பாருங்கள்.

40 வயதுப் பெண் ஒருவருக்கு மார்பில் கட்டி. வலி தாங்க முடியவில்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்தக் கட்டிக்கும் கர்ப்பப்பைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஆபரேஷனில் அவருடைய கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள்!

அவர் சும்மா இருக்கவில்லை. மாநில நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனார். "கர்ப்பப்பையை எடுத்ததற்கு நியாயமான காரணம் இல்லை. இது சேவையில் குறைபாடு" என்று முடிவாயிற்று. அவருக்கு 2 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. இது 1998-ல் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பு.

"கடையில் வாங்கிய மிக்சி கெட்டுப் போனால் போகிற கோர்ட்டு அல்லவா அது? டாக்டர் மீதும் அங்கே போகலாமா?" என்று சிலர் கேட்கலாம்.

போகலாம். டாக்டர்கள் சங்கமே இதை எதிர்த்து டெல்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1995-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி தீர்ப்பு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு செய்கிற வைத்தியமும் ஒரு சேவைதான். குறை இருந்தால் நுகர்வோர் சட்டம் பாயும் என்று கோர்ட்டு கூறிவிட்டது.

தோட்டத் தொழிலாளர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. வேலைக்குரிய சலுகையாக முதலாளி வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டாலும் சரி, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டினாலும் சரி, அது இலவச வைத்தியம் ஆகிவிடாது. "எஸ்டேட்தானே கட்டியது, நீ கட்டவில்லையே" என்று யாரும் வாயை அடைக்க முடியாது.

எல்லோருக்கும் இலவசமாகவே வைத்தியம் செய்கிற அரசாங்க ஆஸ்பத்திரி மீது மட்டும் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்கு சிவில் கோர்ட்டு இருக்கிறது.

கேட்டது 25 லட்சம், கிடைத்தது 25 ஆயிரம்

இனி டெல்லி வழக்கு. இதைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

1995-ம் ஆண்டு மே மாதம். 44 வயதான, மணம் ஆகாத பெண் ஒருவர் மாதவிலக்குக் கோளாறுக்காக ஒரு பெண் டாக்டரிடம் போனார். "வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர். பார்ப்பதற்கு அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்தார்கள்.

அவர் மயக்கத்தில் இருந்தபோதே, வெளியில் காத்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டார். தேசிய நுகர்வோர் கமிஷன் 2003-ல் தள்ளுபடி செய்தது. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2008-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பு பெண்களுக்குக் கிடைத்த பெரிய கேடயம். "பார்ப்பதற்குத் தந்த சம்மதம் வெட்டுவதற்குத் தந்த சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் வேறு விஷயம். இல்லாவிட்டால், நோயாளி கண் விழிக்கும் வரை காத்திருந்து அவரையே கேட்க வேண்டும். வயது வந்த பெண்ணுக்காகத் தாயார் போட்ட கையெழுத்து செல்லாது." இதுதான் தீர்ப்பின் சாரம். என்ன நோய், என்ன வைத்தியம், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்றும் கோர்ட்டு சொன்னது.

நஷ்டஈடு எவ்வளவு? 25 ஆயிரம் ரூபாய்! ஆபரேஷன் கட்டணமும் டாக்டருக்குக் கிடையாது என்றார்கள். அவ்வளவுதான்.

டாக்டர் பணத்துக்காகச் செய்யவில்லை, நோயாளியின் நன்மையை எண்ணியே செய்தார் என்று கோர்ட்டு கருதியது. தொகை குறைந்ததற்கு அது ஒரு காரணம். இருக்கட்டும். ஆபரேஷன் நடந்து சுமார் 13 ஆண்டு காத்திருந்த பெண்ணின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆண்டுக்கு 2 ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லையே!

போனது கர்ப்பப்பை மட்டும் அல்ல

"பிள்ளை பெற்றாகிவிட்டது. இனி அந்தப் பை எதற்கு?" என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வது உண்டு. இந்தப் பேச்சுதான் பாதிக் கெடுதலுக்குக் காரணம்.

சினைப்பைகளையும் சேர்த்து இளம் வயதில் எடுத்துவிட்டால் மாதவிலக்கு திடீர் என்று நின்றுவிடும். உடம்பில் அனல் அடிக்கும். தூக்கம் கெடும். எலும்பு நாளடைவில் வலுவிழக்கும். இருதய நோய்க்கும் இடம் உண்டாகும். முதுகில் கொழுந்துப் பையோடு சரிவில் ஏறி இறங்குகிற பெண்ணுக்கு எலும்புதானே முதல்!

புற்றுநோய், அடங்காத ரத்தப்போக்கு, பெரிய நார்க்கட்டி ஆகியவற்றுக்கு இந்த ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போது அது உயிரைக் காக்கும். பயந்து தள்ளிப் போடக் கூடாது. ஆனால், வெள்ளைப்படுதலுக்கும் சாதாரண வயிற்று வலிக்கும் கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியம் அல்ல. பெரும்பாட்டுக்குக்கூட மாத்திரை இருக்கிறது. உள்ளே வைக்கிற மருந்துச் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கிற ஆபரேஷனும் இருக்கிறது.

"எடுக்காவிட்டால் புற்றுநோய் வந்துவிடும்" என்று பயமுறுத்தினால், "எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது, அம்மா?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். நம் மாவட்டத்தில் நல்ல டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை.

கரும்புக் காட்டுப் பெண்கள்

மராட்டிய மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. மாதவிலக்கு வந்தால் வேலை கெடும் என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் அங்கே ஏராளம். 2019-ல் அரசாங்கம் கணக்கு எடுத்தது. சுமார் 82 ஆயிரம் பெண்களை விசாரித்ததில், 13 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை! அவர்களில் எத்தனை பேர் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள்?

பீகார், சத்தீஷ்கார், ராஜஸ்தான் மாநிலங்களிலும் ஏழைப் பெண்களுக்கு இப்படித் தேவை இல்லாத ஆபரேஷன் நடந்ததாக ஒரு டாக்டரே சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2023-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி தீர்ப்பு. இத்தகைய ஆபரேஷனைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. மாவட்டம்தோறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பது அந்த நெறிமுறைகளில் ஒன்று.

இங்கிலாந்து நாட்டிலும் இந்தக் கொடுமை நடந்தது. இயான் பேட்டர்சன் என்ற ஆபரேஷன் டாக்டர், இல்லாத புற்றுநோயைக் காட்டிப் பெண்களின் மார்பில் கத்தி வைத்தார். 2017-ல் அவருக்குக் கிடைத்த சிறைத் தண்டனை 15 ஆண்டு. அது போதாது என்று மேல்கோர்ட்டு 20 ஆண்டு ஆக்கியது. சுமார் 750 நோயாளிகளுக்காக 3 கோடியே 70 லட்சம் பவுண்டு நஷ்டஈட்டு நிதி ஏற்பட்டது. அங்கே ஒவ்வொருவரும் தனித் தனியே 13 ஆண்டு அலையவில்லை. ஒன்றாகச் சேர்ந்தார்கள், ஒன்றாக வாங்கினார்கள்.

காகிதம் யார் கையில்?

நம் நாட்டில் நஷ்டஈடு கேட்கிறவருக்குப் பெரிய தொல்லை எது தெரியுமா? ஆபரேஷன் தேவை இல்லை என்பதை நோயாளிதான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அதற்கான சான்று எல்லாம் ஆஸ்பத்திரி பீரோவில் இருக்கும்!

ஸ்கேன் படம், சம்மதக் கையெழுத்துத் தாள், ஆபரேஷன் குறிப்பு, வெட்டி எடுத்த உறுப்பைச் சோதித்த பயாப்சி முடிவு ஆகியவைதான் வழக்குக்கு உயிர். உறுப்பில் கோளாறு இருந்ததா, இல்லையா என்பதைப் பயாப்சி காட்டிவிடும். அது ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். கோளாறு இல்லாத கர்ப்பப்பையிலும் பெரும்பாடு வருவது உண்டு. ஆனால், அந்தத் தாள் இல்லாமல் வழக்கு நிற்பது கஷ்டம்.

நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு விதி. எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்டால்தான் கொடுப்போம் என்பதே தவறு என்கிறேன். ரேஷன் கடையில் கேட்காமலே ரசீது தருகிறார்கள். உடம்பில் ஓர் உறுப்பை எடுத்தவர்கள், அதன் பயாப்சி முடிவைக் கேட்காமலே கையில் கொடுக்க வேண்டாமா? தமிழில் இரண்டு வரி எழுதியும் கொடுக்கலாமே! இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். கொடுக்காத ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தேவைதான் என்பதைத் தானே நிரூபிக்கட்டும்.

தொகையையும் மாற்றி எண்ண வேண்டும். ஆஸ்பத்திரி பில் எவ்வளவு என்று பார்ப்பது கணக்கு அல்ல. 32 வயதில் எடுத்தார்கள் என்றால், அந்தப் பெண் இன்னும் எத்தனை ஆண்டு வேலை செய்திருப்பார், எத்தனை நாள் கூலி போகும், வாழ்நாள் முழுவதும் என்ன மருந்து வேண்டும் என்று பார்க்க வேண்டும். சாலை விபத்து வழக்கில் இப்படித்தானே கணக்குப் போடுகிறார்கள்?

ஊட்டியிலேயே போடலாம்

இப்போது உள்ள சட்டத்தில் நல்ல அம்சம் ஒன்று உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கோவையில் நடந்த ஆபரேஷனுக்குப் பைக்காராப் பெண் ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் கோர்ட்டிலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை.

வேறு டாக்டரின் கருத்து இல்லாமல் எந்த வழக்கும் நிற்காது என்று எதிர்த் தரப்பு சொல்லலாம். எல்லா வழக்குக்கும் அது கட்டாயம் இல்லை என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. ஆனாலும், தேவையா, தேவை இல்லையா என்ற கேள்வியில் இன்னொரு டாக்டரின் எழுத்து இருந்தால் கை ஓங்கும்.

மெடிக்கல் கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம். அது டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கும். நஷ்டஈடு வாங்கித் தராது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கவுன்சிலின் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவற விடாதீர்கள்.

கெடு 2 ஆண்டு. பிந்தினால் தக்க காரணம் காட்ட வேண்டும். கோர்ட்டு ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். டிஸ்சார்ஜ் சீட்டு டிரங்குப் பெட்டியில் எங்காவது கிடக்கும். அதை எடுத்து ஆபரேஷன் தேதியைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.