பேரை மாத்தினா ரோடு மாறிடுமா?

எங்க விளாங்குடி வழியாகப் போகும் திண்டுக்கல் சாலை, ஒரு காலத்தில் வாரணாசிக்கும் கன்னியாகுமரிக்கும் ஓடிய 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. நாற்கரச் சாலை ஊரைத் தொடாமல் மேற்கே சுற்றிப் போனதும் அந்தப் பட்டமும் கூடவே போய்விட்டது. ரோடு மட்டும் அங்கேயே கிடக்கிறது. பஸ் போகுது, லாரி போகுது, சனம் உசுரைக் கையில் பிடிச்சுக்கிட்டுக் குறுக்கே ஓடுது. நெடுஞ்சாலை என்கிற தகுதியைக் கொடுப்பதும் பிடுங்குவதும் அரசாங்கக் காகிதம்தான். அந்தக் காகிதம் யாருக்காக வேலை செய்யும் என்பதை 2017இல் பார்த்தோம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாவதைத் தடுக்க, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 ஏப்ரலில் இங்கே 3000க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அரசு என்ன செய்தது? கடையை விட மனசில்லை. நெடுஞ்சாலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தது. ஊர்களுக்குள் ஓடும் மாநில நெடுஞ்சாலைத் துண்டுகளை உள்ளாட்சிச் சாலைகளாக மாற்றக் கிளம்பியது. அப்போது உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் கிடையாது. எல்லாம் தனி அலுவலர்கள். கேட்க நாதியில்லை. அந்த மாதமே உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றமே நகர எல்லைகளுக்கு விலக்குக் கொடுத்தது. 2011இல் மாநகராட்சியில் சேர்க்கப்பட்ட விளாங்குடியும் அந்த எல்லைக்குள்தான்.

இடையில் கடைகள் குடியிருப்புகளுக்குள் வந்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் எதிர்த்து நின்ற பெண்களைப் போலீஸ் அடித்தது. 'ஒதுக்குப்புறமா ஒரு இடம் பாருங்க' என்று அதிகாரி சொன்னால், அந்த ஒதுக்குப்புறத்தில் குடியிருப்பது யார் என்று நமக்குத் தெரியாதா? குடிச்சுக் கெட்ட சனம் என்ற பழியும் கடைசியில் நம் தலையில்தான்.

தோழர்களே, இன்னொரு காகிதத்தையும் நினைத்துப் பாருங்கள். பொதுச்சாலை, தெரு, கிணறு எல்லாம் எல்லாருக்கும் பொது என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. 65 வருஷம் கழித்து, 1989இல், இதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித்துகள் போகும் வழியை மறித்துச் சாதி இந்துக்கள் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை இடித்து வழிவிட 2008 மே 6 வரை போராட வேண்டியிருந்தது.

பாட்டிலுக்கு வழி திறக்க நாலே மாசம். மனுசன் நடக்க 84 வருஷம்.

சட்டத்தில் ஓட்டை தேடும் மூளை இந்த அரசு எந்திரத்துக்கு நன்றாகவே உண்டு. நமக்காக ஒருநாளும் அது வேலை செய்ததில்லை. 2022இல் தேர்தல் நடந்து வார்டுக்கு உறுப்பினர் வந்துவிட்டார். மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். உங்கள் ஊர்ச் சாலையின் தகுதி எப்போது மாறியது, யார் கையெழுத்துப் போட்டார், அதற்குப் பிறகு அங்கே எந்தக் கடை திறந்தது என்று கேளுங்கள். கூடவே, உங்கள் சேரிக்குப் போகும் பாதை எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.