முதலில் ஓர் அறை வேணும்

லயத்துல ஒரு காம்பராவில் தாளிச்சா பக்கத்துக் காம்பராவில் தும்முவாங்க. அந்தச் சுவருக்குள்ள எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு பெண் தன் மாத்திரையை எங்கே வைப்பார்? பீலிக்கரையில் ஊர்க்கதை எல்லாம் பேசுறோம். இதை மட்டும் அவர் யாரிடம் பேசுவார்?

மருந்துக்குக் குறையில்லை. அரசாங்க கிளினிக்கில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலமும் தொற்றாது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிச்சாலும் பரவாது. ஆனாலும் பயம் போகவில்லை.

இரத்தம் ஏற்றியதால் தொற்றுக்குள்ளான வைத்தியர் கமலிகா அபேரத்ன, 2004இல் இறக்கும்வரை அதை வெளிப்படையாகப் பேசினார். பெரிய துணிச்சல்தான். ஆனால் கொழுந்து பறிக்கும் அக்காவிடம் அதே துணிச்சலைக் கேட்பது நியாயமா? நாளைக்கு பிரட்டுக்களத்தில் அவர் தனியாகத்தானே நிற்கணும்?

சென்னையில் 1998இல் கௌசல்யா பெரியசாமியும் தோழிகளும் வேறு வழி காட்டினார்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் தங்களுக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கினார்கள். "எனக்கும் அப்படித்தான்" என்று சொல்ல இன்னொரு பெண் இருந்தால், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

குழு சிகிச்சை என்று நாங்கள் கேட்பது அதைத்தான். எட்டுப் பத்துப் பேர், வாராவாரம் அதே முகங்கள், பயிற்சி பெற்ற ஒரு ஆற்றுப்படுத்துநர். "அது என்ன மாத்திரை?" என்று மாமியார் கேட்டால் என்ன பதில் சொல்வது, யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் விடுவது என்று அங்கே பேசிப் பழகலாம். சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை. அதைத் தலைநிமிர்ந்து செய்ய முடிவதும் தன்னம்பிக்கைதான்.

ஆனால் அது தமிழில் நடக்கணும். தோட்டத்துக்கு வெளியே, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, வாசலில் நோயின் பெயர்ப்பலகை இல்லாத அறையில் நடக்கணும். பஸ் காசும் அன்றைய பேரும் கொடுக்கணும். ஒரு நாள் பேர் போனால் அடுத்த வாரம் யார் வருவார்?

அறைக்கு வெளியே மிச்ச வேலை நம்முடையது. ஒருத்தி மாதாமாதம் டவுனுக்குப் போய் வந்தால், ஏன் என்று துருவாமல் இருக்க நாமும் பழகணும்.